சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்து ஊரெல்லாம் தண்ணீர் நின்றபோது சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்த நண்பர்கள் ஒன்பது பேர், அதற்குப் பிறகும் கலையாமல், சோலை நகர் பக்கம் ஒரு வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். இப்போது 38 பிள்ளைகள் வருகிறார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், கோட்டக்குப்பத்திலிருந்து வருகிறவர்கள், கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாரும் உண்டு. எங்கள் குழுவிலேயே காரைக்கால், மாஹே, ஏனாம் மாணவர்கள் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் எந்த மொழியில் பேசுவது என்று சண்டை வந்து இரண்டு பேர் வெளியேறிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் “எந்தக் கட்சி, யார் அனுப்பினது” என்கிறார்கள். பக்கத்துத் தெரு நற்பணி மன்றம் அவர்கள் பேனரைக் கட்டச் சொல்கிறது. பிரான்சில் இருக்கும் மாமா 2,000 யூரோ அனுப்புகிறேன் என்கிறார். சங்கமாகப் பதிவு செய்தால் வாங்கிக்கொள்ளலாம் என்கிறான் நண்பன். பதிவு செய்யலாமா? பெயரைத் தமிழில் வைப்பதா, ஆங்கிலத்திலா? பிள்ளைகள் ‘மாடி கிளாஸ்’ என்கிறார்கள், சங்கத்துக்கு அப்படியா பெயர் வைப்பது என்று சிரித்துக்கொள்கிறோம். வரும் ஏப்ரலோடு எங்களில் ஆறு பேர் படிப்பை முடிக்கிறோம்.

— பெயர் வேண்டாம், புதுச்சேரி

பதில்:

தம்பி,

பதிவு, பணம், பேனர், மொழி, பெயர் என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, ஏப்ரலோடு ஆறு பேர் கிளம்புகிறோம் என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு கேள்விக்குறிகூடப் போடவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. அடுத்து வந்த மாதங்களில் கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் மாணவர்கள் சிலர் படிப்பகம் தொடங்கினார்கள். ஆலோசகர் என்ற பெயரில் நான் மாதம் ஒருமுறை போய் டீ குடித்துவிட்டு வருவேன். நல்ல பிள்ளைகள். இரண்டு இரும்பு பீரோ நிறையப் புத்தகம், ஒரு உலக உருண்டை, கேரம் போர்டு எல்லாம் சேர்த்துவிட்டார்கள். முதல் அணி படிப்பு முடித்துப் போனது. இரண்டாவது அணியும் போனது. நடுவில் சில மாதம் என்னால் போக முடியவில்லை. அப்புறம் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. விசாரித்தால், கடைசியாகச் சாவி வைத்திருந்த பையனுக்குச் சென்னையில் வேலை கிடைத்துவிட்டது. சாவியும் அவன் பையோடு போய்விட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பீரோவின் கீழ்த்தட்டுவரை கரையான் மண் ஏறியிருந்தது. பக்கத்தில் நின்ற சிறுவன், “உள்ள கேரம் போர்டு இருக்குது மிஸ். பூட்டிட்டாங்க” என்றான். அவனைப் பொறுத்தவரை அது யாரோ வந்து திறந்து, யாரோ பூட்டிவிட்டுப் போன இடம்.

அதில் என் தப்பும் உண்டு. மாதாமாதம் போனவள், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

அதே காலத்தில் புதுச்சேரியில் நான் போய்வந்த இன்னொரு வகுப்பில் சாவி ஒரு இட்லிக் கடை அக்காவிடம் இருந்தது. யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு இல்லை. வகுப்பு நடந்த திண்ணைக்கு அடுத்த வாசல் அவருடையது. மாணவர்கள் பஸ் பிடித்து வந்து சேர நேரமாகும், அதற்குள் அவர் திறந்து பெருக்கிப் பாயை விரித்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை மூன்று நாளாக வரவில்லை, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வந்து புத்தகத்தைத் தூக்கி எறிந்தார், யாருக்குக் கண் கட்டி, எல்லாம் அத்துப்படி. மாணவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வகுப்பு பாட்டுக்கு நடந்தது.

ஆகவே ஏப்ரலுக்குள் நீங்கள் செய்யவேண்டிய வேலை ஒன்றுதான். அந்த மாடிக்கு இன்னொரு சாவி போட்டு, அதே தெருவில் குடியிருக்கிற ஒருவரிடம் கொடுங்கள். இரும்புச் சாவியைத்தான் சொல்கிறேன். அதோடு வருகைப் பதிவேடும் கணக்கு நோட்டும் போகட்டும். வீட்டு உரிமையாளரிடம் கொடுப்பது சுலபம், ஆனால் வேண்டாம். நாளைக்கு வாடகையில் மனத்தாங்கல் வந்தால் இடமும் போகும், நோட்டும் போகும். மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய ஒரு அம்மா அந்தத் தெருவில் நிச்சயம் இருப்பார். உங்களைவிட ஒழுங்காகக் கணக்கு வைப்பார். உங்கள் 38 பேரில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கிற பெண் பிள்ளைகள் இருந்தால் வருகை எடுப்பதை அவர்களிடம் விட்டுவிட்டுப் பாருங்கள்.

நேரமும் உங்களுக்குத் தோதாக அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்கள் வலை பின்னிக்கொண்டும் இன்ஜின் வேலை பார்த்துக்கொண்டும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் விடியுமுன் கடலுக்குப் போய்விட்டு வந்து அசந்து தூங்குகிற மனிதரை எழுப்பி உட்காரவைத்து, “உங்க பிள்ளைக்கு இனிமே யார் சொல்லிக் கொடுப்பாங்க” என்று பேச முடியாது. தேர்வு முடிந்ததும் ஆளாளுக்கு ஊருக்கு ஓடாமல் ஒரு வாரம் தங்கி, வீடு வீடாக இதைப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். ஒன்று மட்டும்: அந்த இரண்டு மாதம் அந்த வீடுகளில் காசு புரளாது. வசூல் என்று எதற்கும் போய் நிற்காதீர்கள்.

இனி, “எந்தக் கட்சி?” என்ற கேள்வி. கோபப்படாதீர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் ஒரு ஆயா தன் சுருக்குப்பையைத் திறந்து என் மடியில் கொட்டினார். பதினொரு டோக்கன். பச்சை, மஞ்சள், ரோஸ். பதினொரு அமைப்பு வந்து அதே பெயர், அதே வயது, செத்தது எத்தனை பேர் என்று அதே கணக்கு எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். அதில் நான்கு பேர்தான் திரும்ப வந்தார்கள். “மிச்ச ஏழு எந்த ஊர்க்காரங்கன்னு பாத்துச் சொல்லு கண்ணு” என்றார். அந்த ஊர் உங்களிடம் நீங்கள் யார் என்று கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்த்தோம் என்று கடிதத்தில் எங்கும் இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள். மனு, சால்வை எதுவும் வேண்டாம். எந்தக் கல்லூரி, எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்களுக்கு எப்போது படிப்பு முடிகிறது, இவ்வளவுதான் சொல்ல வேண்டும். போகப்போகிறோம் என்பதை அவர்கள் உங்கள் வாயால் கேட்கட்டும். அந்தக் கூட்டத்தில் உட்காருகிறவர்கள் ஆண்கள், பிள்ளையை வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் பெண்கள்; ஆகவே அங்கே போய்விட்டு வந்த கையோடு மீன் விற்கிற அம்மாக்களையும் பார்த்துவிடுங்கள். கோட்டக்குப்பத்துப் பிள்ளைகளுக்காக ஜமாத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஒடிசாக் குடும்பங்களுக்குப் பஞ்சாயத்தும் கிடையாது, ஜமாத்தும் கிடையாது. அவர்களுக்கு மேஸ்திரிதான் எல்லாம், வேலை முடிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார். அந்த வீடுகளுக்கு நீங்கள் நேரில்தான் போகவேண்டும்.

புதுச்சேரியில் பலதரப்பட்ட மக்கள் என்றால் எல்லாரும் மொழியை நினைத்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பிரெஞ்சுத் தெருப் பலகை தெரியும், ஆசிரமத்துக்கு வரும் வங்காளிகள் தெரிவார்கள். உங்கள் பாயில் உட்கார்ந்திருக்கிற வேறுபாடு வேறு மாதிரி. சோலை நகரைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். நடந்து போகிற தூரத்தில் அரசாங்கம் மாறிவிடுகிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அண்மையில் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன, கோட்டக்குப்பத்து அரசுப் பள்ளியில் சமச்சீர்ப் புத்தகம். ஒரே எட்டாம் வகுப்பு, ஒரே பாய், இரண்டு கணக்குப் புத்தகம். ஒருத்தி படிக்கிற பாடம் இன்னொருத்திக்கு வேறு மாதம், வேறு கணக்கு. உதவித்தொகை, இலவசப் பொருள், சான்றிதழ் கேட்டுப் போகவேண்டிய அலுவலகம் எல்லாமே வேறு. உங்கள் குழுவில் இதைத் தெரிந்துவைத்திருக்கிற ஒருவர் இருக்கிறாரா? இந்தப் பக்கத்துக்கு ஒருவர், அந்தப் பக்கத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் மொழியைவிட இது அவசரம்.

ஒடிசாப் பிள்ளைகள் யாராவது பள்ளியில் சேராமல் இருந்தால், பிறப்புச் சான்று இல்லை, டிசி இல்லை என்று பெற்றோர் தயங்குவார்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லை என்பதற்காகப் பள்ளி இடம் மறுக்க முடியாது. கூடப் போய் நில்லுங்கள், போதும். அந்த வீடுகளில் தமிழை மளமளவென்று பிடித்துக்கொண்ட ஒரு பத்து வயதுப் பெண் இருப்பாள். எல்லாரும் அவளையே மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள். கடைக்குக் கூப்பிடலாம். அம்மாவின் பிரசவ விஷயத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அவளைக் கூட்டிப்போகாதீர்கள். பெரியவர்கள் பாரத்தைக் குழந்தை தலையில் ஏற்றுகிற காரியம் அது. ஒடியா தெரிந்த ஒரு கல்லூரி மாணவரைத் தேடிப் பிடியுங்கள், காலாப்பட்டு மத்தியப் பல்கலைக்கழகத்தில் வெளிமாநில மாணவர்கள் நிறைய.

வாட்ஸ்அப் சண்டைக்கு வருகிறேன். மாஹேக்காரருக்கு மலையாளம், ஏனாம்காரருக்குத் தெலுங்கு. தமிழ் பேசினால் புரிந்துகொள்வார்கள், எழுதியதைப் படிக்கத் திணறுவார்கள். நேரில் தமிழில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் முடிவு மட்டும் போடுங்கள், இரண்டு வரி தமிழில், அதே இரண்டு வரி ஆங்கிலத்தில். விவாதம் அங்கே வேண்டவே வேண்டாம். வெளியேறிய இருவருக்கும் யாராவது போன் செய்தீர்களா? எனக்கென்னவோ அவர்கள் மொழிக்காகப் போகவில்லை என்று தோன்றுகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு யாரோ ஒரு கிண்டல் ஸ்டிக்கர் போட்டிருப்பீர்கள்.

பேனர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் ஊரில் மழை விடுவதற்குள் பேனர் வந்துவிடும். நற்பணி மன்றத்துப் பையன்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த புயலுக்கு மரம் வெட்டி வழி விடப்போகிறவர்கள் அவர்கள்தான். “அண்ணே, பேனர் வேண்டாம். மாடிப்படிக்கு லைட் இல்லாம பிள்ளைங்க தடுக்கி விழுது, அதைப் போட்டுக் குடுங்க” என்று கேளுங்கள். போட்டுக் கொடுத்தால் எல்லார் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். இந்த மன்றத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்த மாதம் எதிர்க் கோஷ்டி இன்னும் பெரிய பேனரோடு வரும் என்பது உங்களுக்கே தெரியும்.

மாமாவின் பணம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் உங்கள் நண்பன் சொன்னது தப்பு. இந்த ஊரில் எல்லாருக்கும் பிரான்சில் ஒரு மாமா உண்டு. புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா வீடுகள், பிற்பாடு போய்க் குடியேறியவர்கள். உங்கள் மாமா கையில் இருப்பது எந்த பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவர் என்றால், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. பிரெஞ்சுக் குடிமகன் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்கிற 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாத குழு அதைத் தொடக்கூடாது. சங்கமாகப் பதிவு செய்வது வேறு, இந்த அனுமதி வேறு. எஃப்சிஆர்ஏ பதிவுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். உங்கள் வகுப்புக்கு சாக்பீஸும் சுண்டலும் தவிர என்ன செலவு? அவர் விடுமுறைக்கு வரும்போது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அதே கதைதான். “அம்மா அக்கவுண்ட்ல போடச் சொல்றேன், சொந்தக்காரங்க அனுப்புறது தானே” என்று அடுத்து ஒரு யோசனை வரும். உறவினருக்கு அனுப்புவதற்குச் சட்டத்தில் வழி இருப்பது அந்த உறவினருக்காக. அதைக் குழுவுக்கு மடைமாற்றினால் மாட்டிக்கொள்வது உங்கள் அம்மா. மாமாவிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். டிசம்பரில் ஊருக்கு வந்தால் நான்கு நாள் மாடிக்கு வந்து பிள்ளைகளோடு உட்காரச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

பதிவு? இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துவிடலாம். புதுச்சேரியில் 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், கோட்டக்குப்பத்து முகவரி கொடுத்தால் 1975ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம். பதிவு செய்வது சின்ன வேலை. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, நிர்வாகிகள் பட்டியல் கொடுத்து, கணக்கைத் தணிக்கை செய்து, பான், வருமான வரி என்று ஓடுகிற ஆள் யார்? கையெழுத்துப் போட்ட ஏழு பேரில் ஆறு பேர் ஏப்ரலுக்குப் பிறகு பெங்களூரிலும் சென்னையிலும் இருந்தால், பொதுக்குழுவுக்கு வேண்டிய ஆள்கூடச் சேராத சங்கம் ஒன்று காகிதத்தில் மட்டும் இருக்கும். தெருவில் குடியிருக்கிற மூன்று பேர் கையெழுத்துப் போட முன்வருகிற அன்றைக்குப் பதிவு செய்யுங்கள். அதுவரை ஒரு நோட்டு போதும். யார் கொடுத்தது, எதற்குச் செலவு, இரண்டு பேர் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். இப்போது பணமெல்லாம் ஒருவருடைய ஜிபேயில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்படி என்றால் அந்த ஒருவரைக் காப்பாற்றப்போவதும் இந்த நோட்டுதான்.

அடுத்த அணிக்கு ஆள் பிடிக்க, கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைப் பாருங்கள். என்எஸ்எஸ்ஸில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் பணி செய்தாக வேண்டும். முதலாமாண்டு மாணவர்கள் அந்த மணிக்கணக்குக்காகவே வரட்டும், பரவாயில்லை. நானும் அப்படி வந்தவள்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாடியில் எந்த நேரமும் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. ஒரு பிள்ளையோடு ஒருவர் தனியாக அறைக்குள் இருக்கக் கூடாது, உங்கள் உயிர் நண்பனே என்றாலும். பிள்ளைகள் முகம் தெரியும் படத்தை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். யாருடைய ஆதாரையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்கு எழுதிவையுங்கள்.

கடைசியாகப் பெயர். தமிழா ஆங்கிலமா என்று நீங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறீர்கள். ‘மாடி கிளாஸ்’ என்று பிள்ளைகள் எப்போதோ வைத்துவிட்டார்கள், பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அதையே எழுதுங்கள். கீழே கிழமையும் மணியும். ஒடிசாப் பிள்ளைகள் யாரிடமாவது கொடுத்தால் அதையே ஒடியாவில் ஒரு வரி எழுதித் தருவார்கள்; எழுத்துத் தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். பலகையை மாடியில் மாட்டாதீர்கள், படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் மாட்டுங்கள். மேலே ஏறலாமா கூடாதா என்று யோசித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பது அங்கேதான்.